புதுப்பிப்பு: தொழில் தொடர்புகளை உட்பிரிவாகப் பிரிக்க வழி கிடைத்தது

எங்கள் திருப்பூர் பின்னலாடை யூனிட்டின் முகவரிகள் கூகுள் காண்டாக்ட்ஸில் ஒரே குவியலாகக் கிடக்கின்றன, வகை, அதற்குள் உட்பிரிவு என்று பிரிக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூகுள் காண்டாக்ட்ஸில் தொடர்புகளைப் பிரிக்க ஒட்டும் வகைப்பெயர்தான் லேபிள். ஆனால் லேபிளுக்குள் லேபிள் அங்கே கிடையாது. ஜிமெயிலில் மெயில்களுக்கு மட்டும்தான் அது உண்டு. அதனால் நீங்கள் சொன்னபடி பெயரிலேயே அடுக்கைக் கொண்டுவந்துவிட்டோம்: 'ஜாப்ஒர்க் - நிட்டிங்', 'ஜாப்ஒர்க் - டையிங்', 'ஜாப்ஒர்க் - காம்பாக்டிங்' (வெளியே கொடுத்துச் செய்யும் வேலைதான் ஜாப்ஒர்க்; துணி பின்னுவது நிட்டிங், சாயம் போடுவது டையிங், துணி சுருங்காமல் பதப்படுத்துவது காம்பாக்டிங்). பட்டியல் அகர வரிசையில் நிற்பதால் ஒரு வகை முழுக்க ஒன்றாக வந்துவிடுகிறது.

இப்போது யோசித்தால் இதுதான் நல்லது என்று தோன்றுகிறது. எங்களுக்கு நூல் தருபவரே நிட்டிங்கும் ஓட்டுகிறார். அவருக்கு இரண்டு லேபிளும் ஒட்டியாயிற்று. ஃபோல்டர் முறை என்றால் அவரை இரண்டு இடத்தில் எழுத வேண்டும், நம்பர் மாறினால் ஒன்று பழசாகவே கிடக்கும்.

மெயில் எழுதும்போது லேபிள் பெயரை அடித்தால் அதிலுள்ள எல்லா முகவரியும் வருகிறது. ரேட் கேட்கும் மெயிலுக்கு அதை பிசிசியில் (பெறுபவர்கள் ஒருவர் முகவரியை மற்றவர் பார்க்க முடியாத கட்டம்) போடுங்கள். இல்லையென்றால் ஒரு டையிங்காரர் மற்ற டையிங்காரர்கள் யார் யார் என்று பார்த்துவிடுவார், அது நமக்கு நல்லதல்ல.

அவுட்லுக் பற்றிக் கேட்டவருக்கு: கிளாசிக் அவுட்லுக்கில் தொடர்புகளுக்கு ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடலாம். ஆனால் தொடர்புகளுக்கு ஒட்டும் வண்ண வகைகளில் (கேட்டகரி) உட்பிரிவு இல்லை. அங்கேயும் பெயரில்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்து விசிட்டிங் கார்டுகள். ஷீட்டில் ஏற்றி, லேபிள் வாரியாகத் தனித்தனி சிஎஸ்வி ஃபைலாக (ஷீட்டிலிருந்து எடுக்கும் எளிய பட்டியல் ஃபைல்) கூகுள் காண்டாக்ட்ஸுக்குள் கொண்டுவரப் போகிறேன்.