கலைச்சொல் தேவை: தம்ப்நெயில் (மார்கழி பிறப்பதற்குள்)

கோலக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு தளம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மார்கழியில் எங்கள் தெருவிலும் உறவிலும் வாசலில் போடுகிற கோலத்தைப் படமெடுத்து ஏற்றலாம், மற்றவர்கள் பார்க்கலாம், கீழே "எத்தனை புள்ளி?" என்று கேட்கலாம், அவ்வளவுதான். பயன்படுத்தப்போகிறவர்களில் பாதிப் பேர் என் சித்திகளும் அத்தைகளும். அதனால் திரையில் ஓர் ஆங்கிலச் சொல்கூட இருக்கக் கூடாது என்று வீம்பு. 61 தொடர்களில் 60 முடிந்துவிட்டன. தம்ப்நெயிலில் மாட்டிக்கொண்டேன்.

கைப்பேசியில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல், ஏறக்குறைய 4 எம்பி. பக்கத்துக்கு 40 கோலம் என்றால் 160 எம்பி, அத்தையின் ஒரு நாள் டேட்டாவில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அதனால் படம் ஏறியதும் 300 அகலத்தில் ஒரு சின்ன நகல் செய்து அதைத்தான் வரிசையில் காட்டுகிறேன். அந்த நகலுக்குத்தான் பெயர் வேண்டும். (பிக்சலைப் புள்ளி என்று எழுதப் போய் "4000 புள்ளிக் கோலமா!" என்று சித்தி கேட்டுவிட்டார். அது தனிக்கதை.) மார்கழி 1க்குள் சொல்லுங்கள்.

நாவலடி எழுதியது:

சிறுபடம். இதில் என்ன கேள்வி?

அரும்பதவுரை எழுதியது:

கேள்வி இருக்கிறது ஐயா. சிறுபடம் என்றால் சிறிய படம், அவ்வளவுதான். பர்ஸில் வைத்திருக்கும் பாஸ்போர்ட் சைஸும் சிறுபடம்தான். மூலத்தின் நகலாகவும் இருக்க வேண்டும், மூலத்துக்கு வாசலாகவும் இருக்க வேண்டும், இந்த இரண்டும் சொல்லில் எங்கே? ஆங்கிலத்தான் கட்டைவிரல் நகத்தை அளவாக வைத்தான். நம்மிடம் நகத்துக்குச் சங்க காலத்திலிருந்தே 'உகிர்' இருக்கிறது, நகம் வடசொல். ஆகவே உகிர்ப்படம். இன்னும் கண்டிப்பாகப் பார்த்தால் 'படம்' என்பதே வடமொழிப் 'பட', அதாவது துணி, என்று சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. பேகன் மயிலுக்குக் கொடுத்ததைப் பரணர் "படாஅ மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ" என்கிறார் (புறம் 141). படாம் என்பது போர்வை. படர், படர்த்து, படாம், படம், எல்லாம் ஒரே வேர். பாம்பு விரிப்பதும் படம்தானே?

பொறிஞன் எழுதியது:

சங்கப் பாட்டில் உகிர் வந்தால் பின்னாலேயே புலியோ கரடியோ நிற்கும். ஆழ்வார் பாசுரத்தில் வந்தால் இரணியன் மார்பு கிழியும். கோலம் பார்க்க வருகிற அத்தையை எதற்கு ஐயா பயமுறுத்துகிறீர்கள்? சரி, நகப்படம் என்று வைத்தாலும் நகச்சுத்தி வந்த விரலை டாக்டருக்கு அனுப்பின மாதிரி இருக்கிறது.

தம்பிக்கு ஒரு வேலைக் குறிப்பு: சின்ன நகல் செய்யும்போது எக்ஸிஃப் குறிப்பை, அதாவது கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் தகவலை, கவனியுங்கள். கேமராவை எப்படிப் பிடித்தோம் என்பது அதில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணாக இருக்கும், 6 என்றால் வலப்புறம் கால்வட்டம் திருப்ப வேண்டும். அதைப் பார்க்காமல் குறுக்கினால் கோலம் படுத்துக்கொள்ளும். இன்னொன்று, ஜிபிஎஸ் குறிப்பும் அங்கேதான் இருக்கும். இவர்கள் எடுப்பது சொந்த வாசலை. அதை அழிக்காமல் வெளியிட்டால் வீட்டு முகவரியையே கொடுத்த மாதிரி.

வடமராட்சி எழுதியது:

படாம் பற்றி அண்ணை சொன்னதும் ஞாபகம் வந்தது. எங்கட ஊரில் மழைக்கு விரிக்கிறதைப் படங்கு என்றுதான் சொல்லுவோம். இங்கே ரொறன்ரோவிலும் காருக்கு மேலே போடுகிறதை அம்மா படங்கு என்றுதான் சொல்லுறா. ஆகவே 'விரிவது' என்கிற பொருள் சரிதான் போலக் கிடக்கு. ஆனால் விரிகிற சொல்லைக் கொண்டுபோய்ச் சுருக்கின பொருளுக்கு வைக்கிறது முரண் இல்லையோ? சின்னப்படம் என்று விட்டால் என்ன?

அரும்பதவுரை எழுதியது:

படங்கு! நல்ல சான்று, நன்றி. குறித்துக்கொண்டேன். முரண் இல்லை, தொட்டால் விரியப்போகிறதே.

நாவலடி எழுதியது:

பேகன், மயில், பாம்பு, படங்கு. தம்பி கேட்டது ஒரு பொத்தானுக்குப் பெயர்.

தமிழாசிரியை எழுதியது:

நான் நாவலடி ஐயா பக்கம். எட்டாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சிறுபடம் என்றதும் ஒரு பையன் "குறும்படமா மிஸ்?" என்றான். குறுபடம் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், அந்தப் பக்கம் போக வேண்டாம், சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நுண்படமும் கூடாது. ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைச் சுருளில் பார்த்தவர்களுக்கு அது மைக்ரோஃபிலிம்.

வேறொரு பெண் கேட்டதுதான் நல்ல கேள்வி. குறுமை+படம் குறும்படம் ஆகும்போது சிறுமை+படம் ஏன் சிறும்படம் ஆகவில்லை? நன்னூல் 136இல் 'ஈறு போதல்' (கடைசி 'மை' கெடுவது), 'இனம் மிகல்' (ம் போன்ற இன எழுத்து சேர்வது) இரண்டும் இருக்கின்றன, எது எங்கே என்று பவணந்தியார் சொல்லவில்லை. பெரும்பாணாற்றுப்படையையும் சிறுபாணாற்றுப்படையையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டேன். பெருவுக்கு மிகுகிறது, சிறுவுக்கு மிகவில்லை. "சிறுசுக்கு எப்பவும் குறைச்சலாத்தான் கிடைக்கும்" என்றான் முதல் பையன். மணி அடித்துவிட்டது.

ஒளிவட்டம் எழுதியது:

முப்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். எங்கள் தொழிலில் ஸ்டாம்ப் சைஸ், பாஸ்போர்ட் சைஸ், போஸ்ட் கார்டு சைஸ். 36 படம் உள்ள ரோலை அப்படியே ஒரே தாளில் அச்சுப் போட்டால் காண்டாக்ட் பிரிண்ட். கல்யாண வீட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் எது பெரிசு பண்ண வேண்டும் என்று பேனாவால் வட்டம் போடுவார். நீங்கள் தேடுவது அதைத்தான். அதற்குத் தமிழில் யாரும் பெயர் வைக்கவில்லை, ஆனாலும் வேலை நடந்தது.

கோலக்காரன் எழுதியது:

பெரியவர்களுக்கு நன்றி. நேற்று அத்தையை உட்காரவைத்துச் சோதனை ஓட்டம் பார்த்தேன். பொத்தானில் ஒன்றும் எழுதவில்லை. தானாகவே சொன்னார்: "இந்தப் பொடிசைத் தொட்டாப் பெருசாகுது பாரு." ஆகவே 'பொடிப்படம்' என்று வைக்கலாமா?

பொறிஞன் எழுதியது:

அருமை. வைத்துவிடு.

தமிழாசிரியை எழுதியது:

தம்பி, கோலத் தளத்தில் பொடிப்படம் என்றால் கோலப்பொடியின் படம் என்றுதான் படிப்பார்கள். 'பொடிப்படம் தயாராகிறது' என்று திரையில் வந்தால் உங்கள் சித்தி வெள்ளைக்கல் அரைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அரும்பதவுரை எழுதியது:

ஒரே சொல் இரண்டு பொருள் தருவதைச் சிலேடை என்று காளமேகம் பாடினால் ரசிப்போம். கலைச்சொல்லுக்கு அது ஆகாது. உகிர்ப்படத்தில் இந்தக் குழப்பமே இல்லை.

பொறிஞன் எழுதியது:

ஏனென்றால் அதில் எந்தப் பொருளுமே புரியவில்லை. வாட்ஸப்புக்குப் புலனம், இன்ஸ்டாகிராமுக்குப் படவரி என்று வைத்தோம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் "புலனத்தில் அனுப்பு" என்கிறோம்? முகநூல் ஒன்றுதான் வாயில் நின்றது, அதுவும் நேர்பெயர்ப்பு என்று நாமே திட்டினோம்.

அரும்பதவுரை எழுதியது:

இணையம் என்ற சொல்லும் முதல் நாள் யாருக்கும் புரிந்திருக்காது.

கோலக்காரன் எழுதியது:

இன்று கார்த்திகை கடைசி. எண்ணிப் பார்த்தேன்: சிறுபடம் 5, சின்னப்படம் 1, உகிர்ப்படம் 1. ஒளிவட்டம் ஐயா வாக்குப் போடவில்லை. அமைப்புப் பக்கத்தில் 'சிறுபடம்' போட்டுவிட்டேன், அங்கே நான் மட்டும்தான் போவேன். அத்தை பார்க்கிற பக்கத்தில் பெயரே இல்லை, 'தொட்டால் பெரிதாகும்' என்று மட்டும். உண்மையில் இதைவிடப் பெரிய சிக்கல் வேறு இருந்தது. 15 புள்ளி ஊடுபுள்ளிக் கோலத்தை 300க்குக் குறுக்கினால் புள்ளிகள் கரைந்து சுண்ணாம்புக் கறையாகிவிடுகின்றன. 480 ஆக்கிய பிறகு எண்ண முடிகிறது.

அரும்பதவுரை எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. சிறுபடம் என்பது அளவைச் சொல்கிறதே தவிரப் பொருளைச் சொல்லவில்லை என்ற என் மறுப்பு இழையில் இருக்கட்டும். என் வீட்டம்மா இன்று போட்ட சிக்குக்கோலத்தை ஏற்றியிருக்கிறேன். அதன் குறிப்பில் உகிர்ப்படம் என்றே எழுதியுள்ளேன், நீக்க வேண்டாம்.

கோலக்காரன் எழுதியது:

நீக்க மாட்டேன் ஐயா. ஆனால் கோலம் படுத்துக்கொண்டிருக்கிறது, அந்த 6ஆம் எண் விவகாரம்தான். இரவுக்குள் நிமிர்த்திவிடுகிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.