'ஸ்விங்' என்பதற்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பாடநூல் மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தொலைநிலைக் கல்விக்கான இசைப் பாடநூல் ஒன்றில் அமெரிக்க இசை பற்றிய அலகைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் தவிர மற்றவை முடிந்துவிட்டன. அந்த ஒரு பக்கம் நியூயார்க்கில் 1970களிலிருந்து வின்ஸ் ஜியோர்டானோ நடத்திவரும் நைட்ஹாக்ஸ் குழுவைப் பற்றியது. 1920களிலும் 30களிலும் வெளிவந்த ஜாஸ் இசையையும் நடன இசையையும், அன்றைய குழுக்கள் எந்த இசைத்தாளைப் பார்த்து வாசித்தனவோ அதே தாளைப் பார்த்து இன்றைக்கும் மேடையில் வாசிப்பவர்கள் இவர்கள். ஜியோர்டானோ சேர்த்து வைத்திருக்கும் அத்தகைய தாள்தொகுதிகள் 60,000க்கும் மேல்.

என் இடர்ப்பாடு இரண்டு. முதலாவது, 'ஸ்விங்' என்ற சொல். 1935ஐ ஒட்டிப் புகழ்பெற்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் அமெரிக்காவை ஆண்ட இசைவகைக்கும் அதுவே பெயர். அந்த இசைக்கு ஆடும் நடனத்துக்கும் அதுவே பெயர். இரண்டுக்கும் அடியில் தாளத்துக்குள் இருக்கும் ஒரு குணத்துக்கும் அதுவே பெயர். மூன்றாவது பொருளில் அது வினையாகவும் வருகிறது. 'இக்குழு நன்றாக ஸ்விங் செய்கிறது' என்று எழுதிப் பார்த்தேன். ஊசி போடும் மருத்துவமனை வாக்கியம் போல இருந்தது. இரண்டாவது, பழைய இசையை மீண்டும் மேடையேற்றும் இத்தகைய குழுவை என்னவென்று அழைப்பது? 'மறுமலர்ச்சிக் குழு' என்று எழுதினால் மாணவர்கள் கட்சிக்கொடியின் நிறத்தைக் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? பழஞ்சொல் காத்துக்கொண்டிருக்கிறது: தூங்கல். 'தூங்குகையான் ஓங்குநடைய' என்று புறநானூறு (22) யானைகளைச் சொல்லும்போது, தும்பிக்கையைத் தொங்கவிட்டு ஆட்டியபடி வரும் யானைகள் என்றுதான் பொருள். உறங்கும் யானைகள் என்று பொருள் கொண்டால் அடுத்த சொல்லான ஓங்குநடை இடிந்து விழும். தூங்கணாங்குருவி உறங்குவதால் அப்பெயர் பெறவில்லை. அதன் கூடு தொங்கி ஆடுவதால் பெற்றது. வானில் தொங்கிய கோட்டை தூங்கெயில். நிகண்டுகள் தூங்கலுக்கு யானை என்ற பொருளையும் கூத்து என்ற பொருளையும் சேர்த்தே தருகின்றன. ஆக, அசைவு, நடனம், இசையின் நடை என்று தாங்கள் கேட்ட மூன்று பொருளும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. வஞ்சிப்பாவின் ஓசை தூங்கலோசை. செப்பலோசையின் வகைகளுள் ஒன்றுக்கு யாப்பிலக்கண உரைகள் வைத்த பெயரே 'தூங்கிசை'. எனவே 'தூங்கிசைக் குழு' என்று தயங்காமல் எழுதுங்கள்.

மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்:

ஐயாவின் சான்றுகளை மறுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் 'தூங்கிசைக் குழு' என்று படிக்கும் பதினெட்டு வயது மாணவர், அது தாலாட்டுப் பாடும் குழு என்றுதான் தேர்வில் எழுதுவார். அவருக்கு மதிப்பெண் குறைப்பதும் நியாயமாகாது. ஸாவாய் நடன அரங்கு 1926இல் நியூயார்க்கின் ஹார்லெமில் திறக்கப்பட்டு 1958இல் மூடப்படும் வரை அங்கே ஒருவரும் தூங்கியதாகத் தெரியவில்லை. லிண்டி ஹாப் என்ற ஸ்விங் நடனம் ஆடியவர்கள் இணையைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்து பிடித்த தரை அது.

கிளாரினெட் தஞ்சையில் சதிர் நடனத்துக்கு வாசிக்கும் மேளத்துக்குள் வந்தபோது நம்மவர்கள் கலைச்சொல் குழு கூட்டவில்லை. வாசித்தார்கள்; பெயர் தானாக நாவில் படிந்தது. ஸ்விங்கையும் அப்படியே விட்டுவிடலாமே.

தனித்தமிழ் அன்பர், ஈரோடு:

அப்படியே விடுவதென்றாலும் எப்படி எழுதுவது என்ற கேள்வி நிற்கிறது. ஸகர ஒற்று மொழிக்கு முதலில் வராது. ஙகர ஒற்று மொழிக்கு இறுதியிலும் வராது. ஒரே சொல்லில் முதலும் இறுதியும் தொல்காப்பியத்துக்குப் புறம்பு. 'சுவிங்கு' என்று எழுதினால் மட்டுமே அது தமிழில் உட்கார முடியும். 'ஜாஸ்' என்பதையும் 'சாசு' என்று ஆக்கிவிட வேண்டும்.

மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்:

'சாசும் சுவிங்கும்' என்று ஒரு பாடத்தலைப்பை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்:

'ஊசலிசை' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே தடுத்துவிடுகிறேன். தனி ஊசல் எங்கள் பாடத்தில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கிறது. ஊசலின் சிறப்பே ஒவ்வோர் அலைவுக்கும் ஒரே நேரம் எடுப்பதுதான். ஸ்விங்கில் இரண்டு சுரங்கள் சம நேரம் எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் ஊசல் அதற்கு நேர்மாறான சொல்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

ஊசலைத் தள்ளினாலும் ஊஞ்சலைத் தள்ள மனம் வரவில்லை. எங்கள் ஊர்க் கோயில்களுக்குத் திருவூஞ்சல் பாடியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டும் 'ஆடீர் ஊஞ்சல்' என்று முடியும்போது கூட்டத்தின் தோள்களே அசையும். ஆனால் அந்தப் பெயரை நடன அரங்கின் இசைக்குச் சூட்டினால் இங்கே எங்கள் பெரியவர்கள் விடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிருதங்கக் கலைஞர், மயிலாப்பூர்:

சொல்லைத் தேடுமுன் பொருளைக் கையில் தட்டிப் பார்த்துவிடுவோம். நைட்ஹாக்ஸ் பார்த்து வாசிக்கும் தாளில் ஓர் அடிக்குள் இரண்டு சுரம் என்றால் இரண்டும் சம அளவாகவே அச்சிடப்பட்டிருக்கும்: 'தக தக தக தக'. வாசிப்பவர் அதை அப்படி வாசிப்பதில்லை. ஓர் அடியை மூன்றாக்கி, 'தகிட' என்று திஸ்ரத்தில் நினைத்துக்கொண்டு, நடுவில் உள்ள 'கி'யை விழுங்கிவிட்டால் 'தா..ட தா..ட' என்று வருமே, அதற்கு அருகில் வாசிக்கிறார்கள். அருகில்தான், அதேயன்று. காலப்பிரமாணம், அதாவது வேகம், கூடக்கூட இரண்டும் சமத்தை நோக்கி நெருங்குகின்றன. விளம்பத்தில், அதாவது மெதுவான வேகத்தில், முதல் சுரம் இன்னும் சோம்பலாக நீள்கிறது. இதைத் தாளில் எழுத முடியாது என்பதால்தான் அவர்கள் எழுதுவதில்லை. நம்மிடம் சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் போல.

இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு திருத்தம். அடிகள் பிசகாமல் சம இடைவெளியில்தான் விழுகின்றன. அடிக்கு உட்பட்ட பிளவு மட்டுமே சமமற்றது. அந்தச் சீரான அடியின்மேல் சீரற்ற பிளவு சாய்ந்து நடப்பதில்தான் ஆடுகிறவரின் முழங்கால் இளகுகிறது.

இன்னொன்று. ஜியோர்டானோ ஒருவரே டியூபா, பாஸ் சாக்ஸபோன், தந்தி பாஸ் மூன்றையும் வாசிக்கிறவர். இது வேடிக்கை காட்டுவதற்கு அன்று. 1920களின் உருப்படிகளில் டியூபா நான்கடியில் ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் ஊதி நடக்கும். 30களுக்கு வரும்போது தந்தி பாஸ் நான்கடியிலும் விரலால் நடக்கத் தொடங்கியது. பாஞ்சோ என்ற தந்திக் கருவி கீழே வைக்கப்பட்டுக் கிட்டார் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதாவது ஸ்விங் என்பது ஒரு நாளில் பிறந்ததன்று. நடை மெல்ல மாறியது. நம் தாளச்சொற்களிலும் 'நடை' ஏற்கெனவே இருக்கிறது: திஸ்ர நடை, கண்ட நடை. எனவே 'அசைநடை' என்று முன்மொழிகிறேன். 'அசைந்து நடக்கிறது' என்று வினையும் கிடைக்கும்.

யாப்பு ஆய்வு மாணவர், கோவை:

அசைநடை என்றதும் யாப்புப் படித்தவர்களுக்கு நேரசை நிரையசை அல்லவா நினைவுக்கு வரும்? பாட்டை அலகிடும் முறை என்று எண்ணிவிடுவார்கள். மேலும் பக்கத்திலேயே 'துள்ளல்' இருக்கிறது. கலிப்பாவின் ஓசை துள்ளல். காய்ச்சீரை அடுத்து நிரை வரும்போது பிறப்பது. காய்ச்சீர் இழுத்துக்கொண்டு போய் நேரசையில் நிற்க, அடுத்த சீரின் நிரை முடுக்கிக்கொண்டு எழுகிறது. நெடிது, குறிது. மிருதங்கக் கலைஞர் தட்டிக் காட்டிய 'தா..ட' இதுதானே? சொல்லப்போனால் ஸ்விங்குக்கு முன் நடந்த அறுத்தறுத்து வாசிக்கும் முறைக்கும், அதாவது எதிர்பாராத இடத்தில் அழுத்தம் விழுவதற்கும், 'அகைப்பு வண்ணம் அறுத்தறுத் தொழுகும்' என்று தொல்காப்பியச் செய்யுளியலில் சூத்திரமே இருக்கிறது. அகைப்பு என்பதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

தம்பி, வண்ணங்கள் இருபதில் அகைப்பை எண்ணிய அதே செய்யுளியல் அடுத்ததாக எண்ணுவது எது? தூங்கல் வண்ணம். ஒரு நூற்பா தள்ளிப் படித்திருந்தால் என் பக்கம் வந்திருப்பீர்கள்.

மிருதங்கக் கலைஞர், மயிலாப்பூர்:

துள்ளல் மேலே எழும்பும். ஸ்விங் கீழே தளரும். லிண்டி ஹாப் கற்றுக்கொடுப்பவர்கள் முதலில் சொல்வது முழங்காலை மடக்கு, தரையை நோக்கி இரு என்பதுதான். தூக்கி எறிவதெல்லாம் மேடைக் காட்சிக்கு. அத்துடன், திரைப்பாட்டு விமர்சனங்களில் வேகமான எந்தப் பாட்டுக்கும் 'துள்ளலிசை' என்று எழுதி அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டார்கள்.

பாடநூல் மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

நாள் புதன்கிழமை ஆகிவிட்டது. இரண்டாவது சிக்கலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

'மீட்டிசைக் குழு' பொருந்தாதா? போனதை மீட்பதும் ஆகும். வீணையை மீட்டுவதும் ஆகும்.

தனித்தமிழ் அன்பர், ஈரோடு:

மீட்டுவது தந்திக் கருவியை. இங்கே பெரும்பகுதி ஊதுகருவிகள். 'மீளிசைக் குழு' என்பதே சரி. மீள்பார்வை, மீள்பதிவு போல வினைத்தொகை. 'மீளி' என்றால் வீரன் என்ற பொருளும் உண்டு. பாட்டியல் நூல்கள் ஆண்மகனின் பருவங்களை எண்ணும்போது பாலனுக்கு அடுத்து மீளியை வைக்கின்றன. அதிலிருந்து மீளி என்பதன் வேர் மிடல், மிசை, மேல் ஆகியவற்றோடு...

மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்:

ஐயா, வெள்ளிக்கிழமை.

இந்தச் சொல்லில் எனக்கு வேறொரு தயக்கம். மீட்பது என்றால் அது தொலைந்திருக்க வேண்டும். ஸாவாயில் ஆடிய பிராங்கி மேனிங் பின்னர் பல்லாண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்தார். 1980களில் கலிபோர்னியாவிலிருந்தும் சுவீடனிலிருந்தும் இளைஞர்கள் அவரைத் தேடிப் போய்க் கற்றார்கள். 2009இல் இறக்கும் வரை உலகெங்கும் சென்று கற்பித்தார். நடனம் அவர் காலில் இருந்தது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஜியோர்டானோவும் இளமையில் பில் சாலிஸிடம் நேரில் பயின்றவர். சாலிஸ் 1920களில் பால் வைட்மன் குழுவுக்கு இசையமைப்பு எழுதியவர். இது மீட்பா, தொடர்ச்சியா?

மிருதங்கக் கலைஞர், மயிலாப்பூர்:

நல்ல கேள்வி. ஆனால் 60,000 தாள்கள் யாரும் வாசிக்காமல் பழுப்பேறிக் கிடந்தால் அது தொலைந்ததாகவே கணக்கு. சுவடியை வைத்துக்கொண்டு பண் இசை தேடியவர்களுக்கு இது தெரியும். 'மீட்டிசை'க்கு என் வாக்கு. வீணைப் பொருளும் கூட வருவதால் நட்டமில்லை. அந்தக் குழுவில் பாஞ்சோ இருக்கிறது.

பாடநூல் மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

வியாழன் இரவு. வாக்குகளை எண்ணினேன்: 'மீட்டிசைக் குழு' என்பதை நால்வர் ஏற்றார்கள், ஒருவர் 'மீளிசை'யில் நின்றார். இசைவகைக்கும் நடனத்துக்கும் 'ஸ்விங்' என்றே இருக்கட்டும் என்பதற்கு மூவர். அவர்களுள் இருவர் 'களைத்துவிட்டோம்' என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். தாளத்தின் குணத்துக்கு 'அசைநடை'. யாப்பு மாணவரின் ஐயத்துக்காக, முதல் முறை வரும் இடத்தில் 'யானை நடப்பது போன்ற' என்று ஓர் அடை சேர்த்திருக்கிறேன். இப்போது வாக்கியம் இப்படி நிற்கிறது: 'நைட்ஹாக்ஸ் ஒரு மீட்டிசைக் குழு, ஜாஸையும் ஸ்விங் நடன இசையையும் பழைய தாள்களிலிருந்தே வாசிக்கும் இக்குழுவின் தாளம், யானை நடப்பது போன்ற அசைநடையில் செல்கிறது.'

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

யானையைக் கொண்டுவந்துவிட்டு அதன் பெயரை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டீர்கள். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அடிக்குறிப்பிலாவது, 'இதனைத் தூங்கல் என்பது பழந்தமிழ் வழக்கு' என்று ஒரு வரி போடுங்கள்.

பாடநூல் மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

போட்டேன், ஐயா. இன்று மெய்ப்பு வந்திருக்கிறது. மெய்ப்புத் திருத்துபவர் மற்ற எதிலும் கைவைக்கவில்லை. தங்கள் அடிக்குறிப்பில் மட்டும் 'தூங்கல்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'துள்ளல்?' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். பழையபடி மாற்றி அனுப்பிவிட்டேன்.

யாப்பு ஆய்வு மாணவர், கோவை:

அந்த மெய்ப்புத் திருத்துபவரை இந்தக் குழுவில் சேர்க்க முடியுமா?