தைவதத்தில் உடையும் குரல்: தாரஸ்தாயியும் தலைக்குரலும் ஒன்றுதானா?

கேள்வி (கொடைக்கானல், நாயுடுபுரம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. சிறுமியாக இருந்தபோது வத்தலக்குண்டில் ஆறு ஆண்டுகள் கர்நாடக இசை பயின்றேன். திருமணமாகிக் கொடைக்கானலுக்கு வந்தபின் விட்டுப்போன பாட்டை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, சென்ற ஆண்டுதான் மீண்டும் தொடங்கினேன். மாதம் இருமுறை மலையிறங்கிப் போய்ப் பழைய ஆசிரியையிடமே பாடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரிசையிலும் பாடுகிறேன்.

என் சிக்கல் இதுதான். 5 கட்டை சுருதியில் (கட்டை எண் கூடினால் அடிப்படைச் சுரம் உயரும்) சங்கராபரண ராகத்தின் ஆரோகணத்தை, அதாவது ஏறுவரிசையை, ச ரி க ம ப த நி என்று பாடும்போது பஞ்சமம் (ப) வரை குரல் முழுமையாக, கனமாக வருகிறது. தைவதத்தை (த) தொட்டதும் தொண்டை இறுகி, ஒரு கணம் வெறுங்காற்று மட்டும் வெளிப்பட்டு, நிஷாதத்தில் (நி) வேறு யாரோ பாடுவதைப் போன்ற மெல்லிய குரல் ஒலிக்கிறது. இறங்கும்போது அந்த மெல்லிய குரல் தைவதத்தைத் தாண்டிப் பஞ்சமம் வரை, சில நாள்களில் மத்திமம் (ம) வரைகூட நீடித்து, அதன்பிறகே கனத்த குரலுக்குத் திரும்புகிறது என்பது எனக்கு மேலும் வியப்பாக இருக்கிறது.

ஆசிரியை, "அது கள்ளக்குரல், அதை விட்டுவிடு, நாபியிலிருந்து எடுத்துப் பாடு" என்கிறார். பாடகர் குழுவை நடத்துபவரோ, "அதுதான் தலைக்குரல், அதையே வளர்த்துக்கொள்ளுங்கள், நெஞ்சுக்குரலை மேலே இழுத்துக்கொண்டு போகாதீர்கள்" என்கிறார். இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரே தொண்டையை வைத்துக்கொண்டு இரண்டு கட்டளைகளுக்கும் எப்படிக் கீழ்ப்படிவது? தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) என்பதும் தலைக்குரல் என்பதும் ஒன்றுதானா? வீட்டில் உள்ளவர்கள் மலைக்குளிரைக் காரணம் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டா?

மறுமொழி 1 (உதகை, குரல் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர்)

வணக்கம் சகோதரி. ஸ்தாயி என்பது சுரத்தின் உயரத்தைக் குறிக்கும் சொல். நெஞ்சுக்குரல், தலைக்குரல் என்பவை குரல் நாண்கள் அதிரும் விதத்தைக் குறிக்கும் சொற்கள். இரண்டும் வேறு வேறு.

இதை நான் சொல்லி நீங்கள் நம்புவதைவிட, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்து, சிக்கல் தரும் அந்தத் தைவதத்திலேயே நில்லுங்கள். முதலில், எதிர்ச்சரிவில் நிற்கும் ஒருவரைக் கூப்பிடுவதுபோல "ஏ" என்று ஒலியெழுப்புங்கள். ஓரிரு நிமிடம் கழித்து, அதே சுரத்தில், உறங்கும் குழந்தையின் அருகில் அமர்ந்திருப்பவர்போல மெல்ல "ஊ" என்று பாடுங்கள். சுரம் மாறவில்லை, குரல் மாறிவிட்டது. பெரும்பாலோருக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவுக்கு இந்த இரு வகைக் குரலிலும் பாடக்கூடிய பொதுப் பகுதி உண்டு. ஏறும்போது ஓரிடத்திலும் இறங்கும்போது வேறிடத்திலும் உங்கள் குரல் மாறுவதற்கும் இதுவே காரணம்: எந்த விதத்தில் அதிர்ந்துகொண்டிருக்கிறதோ அதிலேயே முடிந்தவரை நீடிக்கக் குரல் முயல்கிறது. ஆகவே அது குறையன்று. எல்லாத் தொண்டைகளின் இயல்பும் அதுதான்.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். குரல் நாண்களின் உடலாகவே அமைந்த ஒரு தசை இறுகும்போது, நாண்கள் குறுகித் தடித்து, முழு ஆழமும் சேர்ந்து அதிர்கின்றன. ஒவ்வோர் அதிர்விலும் அவை நெடுநேரம் மூடியிருப்பதால் மேற்சுரங்கள் (பாடும் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் நுண்ணிய உயர் ஒலிகள்) வலுவாகப் பிறந்து, ஒலி கனமாகக் கேட்கிறது. இதைத்தான் நெஞ்சுக்குரல் என்கிறோம். குரல்வளையின் முன்புறத்தில் இரண்டு குருத்தெலும்புகளுக்கு இடையே உள்ள வேறொரு தசை நாண்களை இழுத்து நீட்டுகிறது. சுரம் ஏற ஏற இத்தசையின் பங்கு கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் முதல் தசை பிடியை விட்டுவிட, நாண்களின் மெல்லிய விளிம்பு மட்டுமே அதிரத் தொடங்குகிறது. அந்தப் பிடி திடீரென்று விடுபடும் கணத்தில்தான் உங்களுக்கு வெறுங்காற்று கேட்கிறது. நெஞ்சிலோ தலையிலோ எந்த ஒலியும் பிறப்பதில்லை. அங்கே நாம் அதிர்வை உணர்கிறோம், அவ்வளவுதான்.

இந்த இரண்டைத் தவிர, காலையில் எழுந்ததும் கதவுக் கீல்போலக் கரகரக்கும் அடிக்குரல் ஒன்றும், மிக உயரத்தில் சீழ்க்கைபோல ஒலிக்கும் குரல் ஒன்றும் உண்டு. உங்கள் கேள்விக்கு அவை தேவையில்லை.

1854-இல் மனுவேல் கார்சியா என்னும் ஸ்பானியப் பாட்டாசிரியர், பல் மருத்துவர்களின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி, தம் குரல் நாண்களைத் தாமே பார்த்தார்; மறு ஆண்டு அதை லண்டனின் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். குரலின் வகைகளை ஒலியின் உயரத்தைக் கொண்டன்றி, அதை உண்டாக்கும் இயக்கத்தைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்று அவர் அதற்கு முன்பே எழுதியிருந்தார். மருத்துவர்கள் இன்று தொண்டையைப் பார்க்கும் முறைக்கு ஒரு பாட்டு வாத்தியார் வழிகாட்டினார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

குளிரைப் பொறுத்தவரை, மலையின் உயரம் குரலை உடைப்பதில்லை. ஆனால் உறைபனிக் காலத்தின் வறண்ட காற்றும், சன்னல்களைச் சாத்திக்கொண்டு எரிக்கும் விறகின் புகையும் நாண்களின் ஈரத்தைக் குறைக்கும். ஈரம் குறைந்தால் மாற்றம் முரடாகத் தெரியும். வெறும் வெந்நீரில் ஆவி பிடித்தால் போதும். நம் ஊர் வழக்கப்படி அதில் யூகலிப்டஸ் தைலத்தைத் தாராளமாக ஊற்ற வேண்டாம். சிலருக்கு அது தொண்டையை எரிச்சலூட்டும்.

மறுமொழி 2 (குன்னூர், பாடகர் குழு நடத்துநர்)

மேலே எழுதியவர் கூறியது சரியே. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். "தலைக்குரல்" என்னும் சொல்லே எங்கள் குழுக்களில் பாதிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) பாடும் பெண்ணிடம் நான் தலைக்குரல் என்று சொன்னால், நாண்களின் விளிம்பு மட்டும் அதிரும் மெல்லிய குரலையே பெரும்பாலும் குறிப்பிடுகிறேன். டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடும் ஆணிடம் அதே சொல்லைச் சொல்லும்போது, கனத்த குரலையே மெலிதாக்கி, இலேசாக்கி, மேலே கொண்டுபோவதைக் குறிப்பிடுகிறேன். ஆணின் மெல்லிய குரலுக்குப் பொய்க்குரல் என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம். ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்கும்போது, பாடுபவர்கள் என்ன செய்வார்கள்?

என் அனுபவம் ஒன்று. இருபது வயதில், ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு டெனர் பாட ஆளில்லாமல், பாஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) குரலுடைய என்னை அந்த வரிசையில் நிறுத்தினார்கள். மேல்சுரங்களை எல்லாம் கழுத்து நரம்பு புடைக்க, கனத்த குரலிலேயே மூன்று வாரம் ஒத்திகை பார்த்தேன். ஆராதனைக்கு முந்தின இரவு குரல் முற்றிலும் போய்விட்டது. மறுநாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்றவர், "தம்பிக்கு மகரக்கட்டு இப்போதுதான் உடைகிறது போலும்" என்று கேலி செய்தார். மகரக்கட்டு என்பது பருவ வயதில் குரல்வளையே வளர்ந்து, ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிப்போவது. வாழ்வில் ஒருமுறை நடப்பது. சகோதரி சொல்லும் உடைவு அதுவன்று, வயதால் வருவதும் அன்று. பதினைந்து வயதிலும் உங்களுக்கு அது இருந்திருக்கும், அப்போது கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஆல்ட்டோவின் கீழ் எல்லை ஏறத்தாழ உங்கள் 5 கட்டை மத்திய ஷட்ஜமேதான் (நடு ஸ்தாயியின் ச). எனவே ஆலயத்திலும் நீங்கள் குரல் மாறும் அதே இடத்தின் வழியாகத்தான் ஏறி இறங்குகிறீர்கள்.

மறுமொழி 3 (கோத்தகிரி, இசை ஆசிரியர்)

அம்மா, உங்கள் ஆசிரியையின் பக்கம் நின்று சிறிது பேச அனுமதியுங்கள்.

தாரஸ்தாயியைத் தலையோடு சேர்த்துப் பேசுவது மேலைநாட்டார் வழக்கு மட்டுமன்று. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், மந்தரம் (கீழ் ஸ்தாயி) இதயத்திலும், மத்தியம் (நடு ஸ்தாயி) தொண்டையிலும், தாரம் (மேல் ஸ்தாயி) தலையிலும் பிறப்பதாகக் கூறுகிறது. தமிழில் நாம் இம்மூன்றையும் முறையே மெலிவு, சமன், வலிவு என்கிறோம். மேல்நிலைக்கு வலிவு என்று பெயர் வைத்தவர்கள் அங்கே மெல்லிய குரலை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். எப்படியாயினும், பாடுபவர் தம் உடலில் எங்கே அதிர்வை உணர்ந்தாரோ அந்த இடத்தின் பெயரையே இரு மரபினரும் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

ஆண்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு உடனே விளங்கும். 1 கட்டையில் பாடும் ஆணின் தார ஷட்ஜம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 262 அதிர்வுகள்). 5 கட்டையில் பாடும் உங்களுடைய மத்திய மத்திமம் அதுவேதான். அவர் தாரஸ்தாயியைக் கனத்த குரலிலேயே தொட்டுவிடுகிறார். நீங்கள் மத்திய ஸ்தாயிக்குள்ளேயே குரல் மாறும் எல்லையை எட்டிவிடுகிறீர்கள். தாரஸ்தாயிதான் தலைக்குரல் என்றால் இது எப்படி நடக்கும்?

உங்கள் சதுச்ருதி தைவதம் (சங்கராபரணத்தில் வரும் தைவதம்) 5 கட்டையில் ஏறத்தாழ 327 ஹெர்ட்ஸ். பெண் குரல்கள் பலவற்றுக்கு முதல் எல்லை இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் அமைகிறது. இப்போது சுருதியை 4 கட்டைக்கு இறக்குங்கள். அங்கே அதே 327 காகலி நிஷாதத்தில் (சங்கராபரணத்தில் வரும் நிஷாதம்) வந்து விழும். உடைவும் நிஷாதத்துக்கு நகர்ந்தால், சிக்கல் தைவதத்தில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம்.

கள்ளக்குரல் வேண்டாம் என்று ஆசிரியர்கள் சொல்வது உடலியல் அன்று, அழகுணர்ச்சி. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகைகளில் கடைசி வரிசை வரை கேட்கும்படி, உயர்ந்த சுருதியில் முழுக்குரலில் பாடிய கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பா போன்றோரின் பாட்டைக் கேட்டு வளர்ந்த செவிகள் அவை. அந்தக் கம்பீரத்தை நானும் விரும்புகிறேன். ஆனால் அதை எல்லாரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மிகத் தாழ்ந்த சுருதியில் பாடிய எம். டி. ராமநாதனும் இதே மரபில்தான் பெரும்புகழ் பெற்றார். சுருதியைக் குறைத்துக்கொள்வதைத் தோல்வியாக நினைக்கும் மாணவிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயிற்சிக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். கீழிருந்து கனத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாமல், மேலிருந்து இறங்குங்கள். தார ஷட்ஜத்தில் மெல்லிய குரலில் "ஊ" என்று தொடங்கி, இறக்க ஜாருவாக வழுக்கிக்கொண்டு மத்திய மத்திமம் வரை வாருங்கள். வரும் வழியில் "ஊ"வைச் சிறிது சிறிதாக "ஆ"வாகத் திறங்கள். பத்து முறைக்கு மேல் வேண்டாம். அகார சாதகத்தை ("ஆ" என்று பாடும் பயிற்சியை) அதன்பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. 4 கட்டையில் பாடிப் பார்த்தேன். தைவதத்தைத் தடையின்றிக் கடந்து, நிஷாதத்தில் உடைந்தது. சமையலறையில் நின்றபடி நான் சிரித்துவிட்டேன். இத்தனை நாளும் தைவதத்தோடு எனக்கு ஏதோ பகை என்று எண்ணியிருந்தேன்.

ஜாருப் பயிற்சியால் ஏறும்போது வரும் வெறுங்காற்று குறைந்திருக்கிறது, முழுமையாகப் போகவில்லை. ஓர் ஐயம்: ஸ்ட்ராவைத் தண்ணீர்க் குவளையில் விட்டுக் குமிழி எழும்படி பாடச் சொல்கிறாள் என் மகள், ஏதோ காணொளியில் பார்த்தாளாம். அது பயன் தருமா, விளையாட்டா? மேலும், வத்தலக்குண்டில் இறங்கியதும் என் குரல் எனக்கே வேறாகக் கேட்பது ஏன்?

மறுமொழி 1 (உதகை)

பயன் தரும். வாய் வழியே காற்று குறுகிப் போகும்போது, அதன் எதிரழுத்தம் நாண்களை மேலிருந்து தாங்குவதால், அவை வன்மையாக மோதிக்கொள்ளாமல் மென்மையாக அதிர்கின்றன. ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை ஆழம் இருந்தால் போதும். அப்படியே மத்திய ஷட்ஜத்திலிருந்து தார ஷட்ஜம் வரை வழுக்கி ஏறி இறங்குங்கள். எல்லையைக் கடக்கும்போது குமிழிகள் நின்றுவிட்டால், அங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று பொருள்.

மலையிறங்கியதும் குரல் மாறிக் கேட்பதற்குத் தொண்டை காரணமன்று, காது. வளைவுகளில் இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடிச் செவி அடைத்துக்கொள்வதால், உங்கள் குரல் உள்ளிருந்து பெரிதாக ஒலிக்கும். எச்சில் விழுங்கி அடைப்பு நீங்கிய பின்னரே பாடத் தொடங்குங்கள். இல்லையெனில் சுருதியையும் தவறாகக் கணிப்பீர்கள். ஆசிரியையின் வீட்டுக்குப் போகுமுன் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மறுமொழி 3 (கோத்தகிரி)

4 கட்டையிலேயே ஆறு மாதம் இருங்கள் அம்மா. ஆசிரியை மறுத்தால், நிஷாதத்தில் உடைவதை அவர் முன்னால் ஒருமுறை பாடிக் காட்டுங்கள்.