இடது ஸ்பீக்கரில் குரல் மங்குகிறது: ஜம்பர் தகட்டை மாற்றினால் சரியாகுமா?

கடலோரக்காது, கீழக்கரை

அனைவருக்கும் ஸலாம், வணக்கம். துபாயிலிருந்து ஊர் திரும்பியபோது மச்சான் கொண்டுவந்த டவர் ஸ்பீக்கர் ஜோடி மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறது. இடப்பக்கத்துப் பெட்டி ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல்தான். பெட்டியின் முதுகில் நான்கு முனையங்கள்: மேலே ஒரு ஜோடி மேல் ஒலிக்கான ட்வீட்டருக்கு, கீழே ஒரு ஜோடி பேஸ் ஒலிக்கான வூஃபருக்கு. மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் ஜம்பர் எனப்படும் தங்கநிறத் தகடுகள் இணைக்கின்றன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் வயரைக் கீழ் ஜோடியில் மாட்டியிருக்கிறேன்.

வாப்பா காலத்து நாகூர் ஹனீபா ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். எல்லாம் இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவுகள். அதனால் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். இந்த ஆடியிலிருந்து அது வலப்பக்கமாக ஒதுங்கிவிட்டது. இடது பெட்டியில் காதை வைத்தால் 'ஸ' ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. பேஸ் குறையவில்லை. உம்மாகூடக் கவனித்துவிட்டு, "அந்தப் பெட்டிக்குச் சளி பிடித்திருக்கிறது" என்றார்.

மதுரையில் ஒரு கடையில் விசாரித்தேன். தகடுதான் குற்றவாளியாம். வெள்ளி பூசிய செப்பு ஜம்பர் செட் 6,500 ரூபாய், மாட்டினால் மேடையே, அதாவது ஒலி பரந்து கேட்கும் அகலமே, விரியும் என்கிறார்கள். மேடை விரியாவிட்டாலும் பரவாயில்லை. சளி தீருமா?

பழைய ஒலிநாடா, காரைக்குடி

யோசிக்காமல் மாற்றுங்கள், தம்பி. நானும் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல ஜம்பர் போட்டவன்தான். அன்றிரவே ஜாலரா ஒலி தனியாகப் பிரிந்து வந்தது, வீணையின் மீட்டு காற்றில் நின்றது. கணக்கு வாத்தியார்கள் வந்து இல்லை என்பார்கள். காதுக்குத் தெரிவது கால்குலேட்டருக்குத் தெரியாது.

ஓம்விதி, ராமநாதபுரம்

கணக்கு வாத்தியார் வந்துவிட்டேன், அண்ணே.

ஐந்து சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தகட்டின் மின்தடை ஏறத்தாழ 0.3 மில்லிஓம். அதற்குப் பதிலாக 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் பத்து சென்டிமீட்டர் வெட்டி மாட்டினால் 0.7 மில்லிஓம். பித்தளை செப்பைவிட நான்கு மடங்கு மோசமான கடத்திதான். ஆனால் தகடு அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதால் இந்தப் போட்டியில் அதுவே ஜெயிக்கிறது! இப்போது ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டிவரை ஓடும் வயரைப் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் ஐந்து மீட்டர் என்றால், போக வர 110 மில்லிஓம். பெட்டிக்குள் ஒலியை ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உட்கார்ந்திருக்கும் சுருளோ இதைவிடவும் அதிகம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அரை மில்லிஓம் கூடினாலும் குறைந்தாலும் எந்தக் காதும் அறியாது. வெள்ளி செப்பைவிட நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. எவ்வளவு நன்றாக? சுமார் ஆறு சதவீதம். அதுவும் முழு வெள்ளிக்கு, பூச்சுக்கு அல்ல.

நானும் ஒரு காலத்தில் இந்த நம்பிக்கையில் இருந்தவன். ஒரு நாள் மைத்துனரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, நாணயத்தைச் சுண்டி விழுவதற்கேற்பத் தகட்டையும் ஜம்பரையும் மாற்றி மாற்றி மாட்டச் சொன்னேன். பத்து முறையில் ஆறு சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா சொன்னாலும் ஐந்து கிடைத்திருக்கும். மைத்துனர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனால் உங்கள் பிரச்சினை வேறு. ஒரு பெட்டியில் மட்டும் மேல் ஒலி மங்குவது பழுது. முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, இடது வயரையும் வலது வயரையும் மாற்றி மாட்டுங்கள். மங்கல் அதே பெட்டியில் நின்றால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. அடுத்து, மறுபடியும் அணைத்துவிட்டு, கீழ் ஜோடியில் இருக்கும் வயரை மேல் ஜோடிக்கு மாற்றுங்கள். தகட்டை அப்படியே விட்டுவிடுங்கள். குரல் தெளிந்து பேஸ் மெலிந்தால், தகடு உட்காரும் இடத்தில்தான் கோளாறு.

மண்டபம்வாசி

எல்லாரும் தகடு என்ன உலோகம் என்றே பேசுகிறீர்கள். அது நிற்கும் ஊரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் இரும்புக்கு அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிப்பை ஆராய எங்கள் மண்டபத்தில் இடம் பிடித்ததும் சும்மா இல்லை.

அடுப்படி உப்பு ஜாடி அழுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சோற்றுப்பு நீர் விடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு வெகு முன்பே கசியும். ஜன்னலோரப் பெட்டியின் முதுகில் மூன்று ஆண்டுச் சோழகம், அதாவது தென்திசைக் காற்று, அடித்திருக்கிறது. தங்கப்பூச்சு என்பது மிக மெல்லியது. அதில் ஊசிமுனைத் துளைகள் இருந்தால் போதும், அடியிலுள்ள பித்தளையில் களிம்பு ஏறிவிடும்.

கிழக்குத்தெரு தம்பி, கீழக்கரை

காக்கா, காசை எடுத்து உள்ளே வையுங்கள். நாளை அசர் தொழுகைக்குப் பிறகு மல்ட்டிமீட்டரோடு வீட்டுக்கு வருகிறேன். உம்மாவிடம் தேநீர் மட்டும் சொல்லி வையுங்கள்.

கடலோரக்காது, கீழக்கரை

தம்பி வந்து போய்விட்டான். நடந்ததைச் சொல்கிறேன்.

வயர்களை இடம் மாற்றியும் மங்கல் ஜன்னலோரப் பெட்டியை விட்டு நகரவில்லை. வயரை மேல் ஜோடிக்கு மாற்றியதும் ஹனீபா நடு ஹாலுக்கு வந்துவிட்டார்! ஆனால் பேஸ் சோர்ந்துவிட்டது. பிறகு வயரை முழுவதும் கழற்றிவிட்டு, தகடு இருந்தபடியே மேல் சிவப்பு முனைக்கும் கீழ் சிவப்பு முனைக்கும் இடையே தம்பி அளந்தான். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 ஓம் காட்டுகிறது. வலது பெட்டியில் அதே 0.3. இடது பெட்டியில் 4.1. நட்டைத் தொட்டு அசைத்தால் இரண்டுக்கும் ஆறுக்கும் இடையே ஆடுகிறது. கறுப்புப் பக்கத்தில் கோளாறு இல்லை.

தகட்டைக் கழற்றினோம். வெளியே தெரியும் முகம் இன்னும் பொன்னாகத்தான் மின்னுகிறது. நட்டுக்கு அடியில் இருந்த வட்டத்தில் மட்டும் பச்சைக் களிம்பு, சுற்றிலும் கறுப்பு விளிம்பு. நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. நட்டும் முழுதாக முறுக்கியிருக்கவில்லை. பெட்டியை நிறுத்திய நாளில் அவசரத்தில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றியவன் நான்தான்.

ஓம்விதி, ராமநாதபுரம்

மீட்டர் ஊசிகளின் 0.3ஐக் கழித்தால் 3.8 ஓம். எட்டு ஓம் ட்வீட்டருக்கு முன்னால் அது நின்றால் மூன்று டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும். குரல் ஒரு பக்கம் சாய அது தாராளம். தகட்டின் சொந்தத் தடையைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் அந்தக் களிம்பு வட்டத்தில் இருந்திருக்கிறது, பாருங்கள். இதே களிம்பேறிய முனையில் 6,500 ரூபாய் ஜம்பரை மாட்டியிருந்தால் மிச்சமிருக்கும் களிம்பு அதையும் மறித்திருக்கும்.

படகு வயரிங், பாம்பன்

விசைப்படகுகளில் வயரிங் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பாய். புளி போட்டுத் துலக்குவது குத்துவிளக்குக்குச் சரி. தகட்டையும் அப்படித் துலக்கலாம். ஆனால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துடைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும். புளிப்பு மிச்சம் இருந்தால் அதுவே மறு களிம்புக்கு விதை. பெட்டியோடு இருக்கும் முனையத்தில் புளி வேண்டாம். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும்.

தகடு மிகவும் அரித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். படகுக்கு நாங்கள் போடுவது வெள்ளீயம் பூசிய செப்பு வயர். ஒவ்வொரு இழையும் பூசப்பட்டிருக்கும், அதனால் உள்ளே கறுக்காது. அதில் சிறு துண்டு வெட்டினால் போதும். கிடைக்காவிட்டால் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செப்பு வயரே போதும். விலை குறைவு என்று செப்பு முலாம் போட்ட அலுமினிய வயரை மட்டும் வாங்காதீர்கள். வெட்டிய முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நம் கரையில் அது வெள்ளைப் பொடியாகிவிடும். ஒரு காந்தத்தையும் தகட்டில் வைத்துப் பாருங்கள். என் சித்தப்பா வீட்டுப் பெட்டியில் 'தங்கத் தகடு' காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. வெறும் இரும்பு.

நட்டை விரலால் இறுக முறுக்குங்கள். குறடு போட்டால் முனையமே உள்ளே சுழன்று பற்றவைப்பு விட்டுப்போகும். முறுக்கி முடித்தபிறகு வெளியே மெல்லிதாக வாசலின் தடவுங்கள், பேட்டரி முனைக்குத் தடவுவதுபோல. வயரின் இழை ஒன்றுகூடச் சிவப்பிலிருந்து கறுப்பைத் தொடக் கூடாது.

பழைய ஒலிநாடா, காரைக்குடி

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். புது ஜம்பர் மாட்டிய அன்று நான்கு முனையங்களையும் பஞ்சு வைத்து நன்றாகத் துடைத்தேன். பஞ்சு கறுத்துப் போனது. வீணை நின்றது அதனால்தானா என்று இப்போது யோசிக்கிறேன். ஆனாலும் ஜம்பரைக் கழற்றப் போவதில்லை, பார்க்க அழகாக இருக்கிறது.

கடலோரக்காது, கீழக்கரை

துடைத்தாயிற்று. தகடு குழி விழுந்திருந்ததால் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரில் நான்கு துண்டு வெட்டி இரண்டு பெட்டிக்கும் மாட்டினேன். மீட்டர் இப்போது இரண்டிலும் 0.3. செலவு வாசலின் டப்பா மட்டும். குரல் நடுவில் நிற்கிறது. மேடை ஒன்றும் விரியவில்லை, பழைய அகலத்திலேயே இருக்கிறது. உம்மா சளி போய்விட்டது என்றார். ஆனால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்.

படகு வயரிங், பாம்பன்

பெட்டியை ஜன்னலிலிருந்து நான்கடி உள்ளே தள்ளுங்கள், பாய். மார்கழியில் வாடை கிளம்பியதும் நட்டை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.