சாய்ந்த வேம்பை மாரிக்கு முன் விறகாக்க முடியுமா?

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். எங்கள் வளவில் நின்ற வேம்பு வைகாசிக் காற்றில் சாய்ந்துவிட்டது. துண்டுகளாகத் தறித்து வைத்திருக்கிறேன். பச்சையாகவே பிளப்பதா, காய்ந்த பிறகா? சென்ற மாரியில் ஈர விறகின் புகைக்குள் அம்மா இருமி இருமிச் சமைத்தார். இம்முறை அப்படி நேரக்கூடாது.

பதில் (முல்லைத்தீவு):
இப்போதே பிளந்துவிடுங்கள். மரத்திலுள்ள நீர் நெடுக்காக ஓடும் நாளங்கள் வழியே வெட்டுமுகங்களால் விரைவாக வெளியேறும். பட்டையோ அதை மறித்து வைத்திருக்கும். ஆகவே ஒன்றரை அடிக்கு மேற்படாத துண்டுகளாக்கி, கணுவைத் தவிர்த்து, விளிம்பிலிருந்து கோடாலியை இறக்குங்கள். கணுவுள்ள கட்டைக்கு ஆப்பு வேண்டும். கடினமான பாலை மரமாக இருந்திருந்தால், காய்ந்தபின் பிளப்பது பெரும் பாடாகியிருக்கும்.

பதில் (வவுனியா):
பிளப்பதைவிட அடுக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் ஒருமுறை படங்கால் (தார்ப்பாயால்) முழுவதையும் போர்த்தி, அடுக்கு முழுவதும் பூஞ்சணம் பிடிக்கவிட்டேன். கறையான் ஏறாதபடி கற்களின் மேல் அடுக்கி, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஊடே புகுந்து செல்ல இடைவெளி விட்டு, மேலே மட்டும் தகரம் போடுங்கள். கைப்பருமனாகப் பிளந்தவை ஐப்பசிக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். தடித்தவற்றை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்குங்கள்.

ஒரு துண்டில் அடையாளமிட்டு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் அது காய்ந்துவிட்டது. இரண்டு துண்டுகளைத் தட்டினால் மந்தமாக அன்றி, கணீரென்று ஒலிக்கும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது பாம்பு கிடக்கிறதா என்று தடியால் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.