கேள்விக்குறி எங்கே போனது? பிரஷர் கோடிங்கில் பட்ட அனுபவங்கள்

வெள்ளவத்தை ராக்கோழி

கொழும்பில் இருந்துகொண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிச் சார்ட்களுக்கு கோட் போடுவதுதான், அதாவது டொக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டைப் பதிவதுதான், ஆறு வருடமாக என் பிழைப்பு. ஊர் உறங்கும் நேரத்தில் எனக்கு வேலை. அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால் "மெடிக்கல் கோடிங்" என்பேன். "ஓ, கம்ப்யூட்டரா?" என்று முடித்துவிடுவார்கள். நானும் விளக்கப் போவதில்லை.

ஒரு இரவில் அதிகம் அடிக்கும் கோட் எது என்று கேட்டால் ஐ10தான். டொக்டர் ஹைப்பர்டென்ஷன் (உயர் இரத்த அழுத்தம், நாம் பிரஷர் என்போமே) என்று எழுதியிருக்கிறார், இதயம், சிறுநீரகம் பற்றிய பேச்சு இல்லை என்றால் ஐ10. கட்டுப்பாட்டில் இருந்தாலும் அதே, இல்லாவிட்டாலும் அதே. ஆனால் டொக்டர் நோயின் பெயரை எழுதாமல் 168/98 என்று எண்ணை மட்டும் எழுதியிருந்தால் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எண்ணைப் பார்த்து நோய் சொல்வது கோடரின் வேலை இல்லை. "இன்று அளவு கூடியிருக்கிறது" என்று அவர் ஒரு வரி எழுதினால் ஆர்03.0 போடலாம். அதாவது அளவு கூடியிருந்தது, நோய் என்று இன்னும் முடிவாகவில்லை.

இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருந்தேன், அப்பாவின் கிளெய்ம் வரும்வரை.

அப்பாவுக்கு 58 வயதில் வலது கண்ணில் கட்டராக்ட் ஒப்பரேஷன். தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவரின் கையில் உடனே பட்டியைச் சுற்றினார்கள். ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார வைத்துவிட்டுத்தான் பிரஷர் பார்க்க வேண்டும். யாருக்கு நேரம்? 162/94. பின்னேரம் பார்த்தபோது 138/84. வீட்டுக்குப் போகும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் கண் விஷயத்துக்குக் கீழே சின்னதாக "? எச்டி" (எச்டி என்றால் ஹைப்பர்டென்ஷன், கேள்விக்குறி என்றால் சந்தேகம் மட்டும்) என்று எழுதி, வெளியில் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தார் டொக்டர். எங்கள் குடும்ப டொக்டரிடம் மூன்று தடவை பார்த்தோம். மூன்றும் 130ஐத் தாண்டவில்லை. மருந்தும் இல்லை. அதோடு மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் இன்ஷுரன்ஸ் எடுத்தார். படிவத்தில் பிரஷர் உண்டா என்ற இடத்தில் "இல்லை". அடுத்த வருடம் நெஞ்சு நோவென்று சேர்த்து அஞ்சியோகிராம் செய்தோம். கிளெய்ம் திரும்பி வந்தது: ஏற்கெனவே இருந்த உயர் இரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டாராம். ஆதாரமாகக் கண் ஒப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்த டைப் செய்த சுருக்கம். அதில் "எச்டி" மட்டும்தான் இருந்தது. கேள்விக்குறியைக் காணோம்.

"என்ன பிள்ளை, எனக்குப் பிரஷர் எண்டு ஆர் சொன்னது?" என்று அப்பா கேட்டபோது எனக்குக் கோபத்தை விட வெட்கம்தான் வந்தது. வெளிநோயாளிச் சார்ட்டில் "சந்தேகம்", "இருக்கக்கூடும்" என்று எழுதியதை நோயாகக் கோட் பண்ணக்கூடாது என்று புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். வீட்டுக் கார்டை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

நல்லவேளை, அப்பா எதையும் எறியமாட்டார். கரண்ட் பில்களோடு ஒரு பைக்குள் அந்தக் கார்ட் கிடந்தது. நீல மையில், கேள்விக்குறி பளிச்சென்று. அதன் பிரதி, குடும்ப டொக்டரின் கடிதம், அந்த மூன்று அளவுகள், தேதிகள் எல்லாம் கொடுத்தோம். மூன்றரை மாதம் நடையாய் நடந்த பிறகு காசு வந்தது. தவறு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

அக்கா, உங்களுடையது இல்லாத நோய் வந்த கதை. என்னுடையது இருந்த தொடர்பை விட்ட கதை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். நோயாளிக்கு ஹைப்பர்டென்ஷனும் உண்டு, ஹார்ட் ஃபெயிலியரும் உண்டு. நான் ஐ10, ஐ50.9 என்று தனித்தனியாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஓடிட்டில் சிவப்பு. டொக்டர் இரண்டையும் தொடர்புபடுத்தாவிட்டாலும் தொடர்பு உண்டு என்றே எடுக்க வேண்டுமாம். சம்பந்தம் இல்லை என்று அவரே எழுதினால் மட்டும்தான் பிரிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஐ11.0 முதலில், ஹார்ட் ஃபெயிலியருக்கான ஐ50.9 பின்னால். நீண்டகாலச் சிறுநீரக நோய் மட்டும் கூட வந்தால் ஐ12, இரண்டும் வந்தால் ஐ13. எண்ணைப் பார்த்து நோய் சொல்லாதே என்கிறார்கள், ஆனால் டொக்டர் சொல்லாத தொடர்பை மட்டும் நீயே போடு என்கிறார்கள்! அன்று விடிய பஸ்ஸில் போகும்போது எனக்கே பிரஷர் ஏறியது.

பழைய பதிவறைக்காரன்

நான் அரசாங்க ஆஸ்பத்திரிப் பதிவறையில் இருந்தவன். தங்கச்சி, அந்தக் கேள்விக்குறியை யாரும் வேண்டுமென்று அழித்திருக்கமாட்டார்கள். பிரஷருக்கு ஒருவர் எச்டி என்பார், ஒருவர் எச்டிஎன் என்பார், இன்னொருவர் எச்பிடி என்பார். கட்டில் டிக்கெட்டின் (வார்டில் நோயாளிக்கு எழுதும் குறிப்பேட்டின்) ஓரத்தில், ஊசி மருந்துக் கணக்குக்கு இடையில் எழுதியிருப்பார்கள். பிரதி எடுப்பவர் தெரிந்த எழுத்துகளை எடுப்பார், குறியை மைத்துளி என்று விட்டுவிடுவார். நானும் விட்டிருப்பேன், பொய் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் வார்டுக்குப் போய்க் கேட்பேன். அப்போதும் "இது பிரஷர்தானே டொக்டர்?" என்று கேட்கக்கூடாது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "இங்கே என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும்.

வெள்ளவத்தை ராக்கோழி

அண்ணா சொன்னது சரி. நாங்கள் டொக்டர்களுக்கு அனுப்பும் கேள்வியிலும் பதிலைத் திணிக்கக்கூடாது என்பதுதான் விதி. அளவுகளையும் மருந்துகளையும் எடுத்துவைத்து, "தீர்மானிக்க முடியவில்லை" என்பதையும் ஒரு பதிலாகக் கொடுத்துவிட்டுத்தான் கேட்போம்.

உள்பெட்டியில் ஒருவர் அப்பாவுக்கு இப்போது எப்படி என்று கேட்டிருந்தார். இந்த ஜனவரியில் உண்மையிலேயே பிரஷர் வந்துவிட்டது. லொசார்டன் 50 மில்லிகிராம், இரவில் ஒரு குளிசை. கிளினிக்கில் கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, வரி வரியாகப் பார்த்துவிட்டு டொக்டரிடமே கேட்டாராம்: "இதில கேள்விக்குறி ஒண்டும் இல்லைத்தானே?"