நுரையீரல் ஆப்பரேஷனுக்குப் பிறகு பழைய துணிச்சல் திரும்பியதா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

ஆயர்ஈத்தாம்_மகள்
அப்பாவுக்கு 63. போன தீபாவளி கழிந்த கையோடு வலது நுரையீரலில் மேல் மடலை, அதாவது மேல் பகுதியை, எடுத்தார்கள். ஸ்கேன் சுத்தம். அதைப் பற்றிப் பேச வரவில்லை.

பினாங்கில் தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டில் ரதத்துக்கு 108 தேங்காய் உடைப்பது வழக்கம். அப்பாதான் உடைப்பார், தம்பியைக்கூடத் தொட விடமாட்டார். இந்த வருஷம் "ஒன்பது போதும்மா" என்றார். அக்குளுக்குக் கீழிருந்து முதுகு வரை தையல். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் விலாவில் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குமாம். இடது கையால் வீசினார். உடையவில்லை. உருண்டு போய், பக்கத்துக் குவியலுக்குக் காவல் நின்ற சீனப் பையன் காலில் முட்டியது. அவன் எடுத்து, "நா, அங்கிள்" (இந்தாங்க) என்று இரண்டு கையாலும் நீட்டினான். அப்பா வாங்கிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். ரதம் தாண்டிப் போய்விட்டது.

ஒன்பதும் கூடையோடு வீடு திரும்பின. ஒரு வாரம் தேங்காய்ப்பால் கறிதான். அன்றிலிருந்து பசார் சந்தைக்குக்கூட வருவதில்லை. யார் வீட்டிலாவது இப்படி?

செந்தூல்_டீச்சர்
எனக்கு 49. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனாலும் "நீங்க பிடிப்பீங்களா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட கருவி ஒன்று கொடுப்பார்களே, ஊதக்கூடாது, உறிஞ்சணும். முதல் நாள் ஒரு பந்துதான், அதுவும் பாதி வழி. மார்புக்குக் கீழே மரத்துப்போய், உள்ளாடைப் பட்டை பட்டாலே எரியும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் குளியலறையில் வாளியைத் தூக்கினேன், அரை வாளி தண்ணீர். வீட்டுக்காரர் ஓடி வந்து பிடுங்கினார். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அங்கே வந்தது. ஏழாவது வாரம் மூன்றாம் பந்து எழும்பியது, ஒரு விநாடி. யாரையும் கூப்பிடவில்லை. நேரே போய் ஈரத்துணியை நானே பிழிந்து காயப்போட்டேன்.

ஜெலுத்தோங்_அங்கிள்
டீச்சர், புகை பிடித்தீர்களா என்று கேட்பது டாக்டர் வேலை, அதற்குக் கோபப்படலாமா? என் கதை சின்னது. 2016, இடது கீழ் மடல். மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீ குடிக்கும்போது இருமல் வந்தது, பக்கத்து மேசைக் குடும்பம் எழுந்து தள்ளி உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

தங்கச்சி, அப்பாவுக்குச் சொல்லு. வலது பக்கம் மூன்று மடல், ஒன்று போனாலும் மிச்சம் விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இருமும்போது தலையணையை விலாவோடு அணைத்துப் பிடிக்கணும். கை தூக்க, சுவரில் விரலால் பல்லி மாதிரி ஏறணும், தினம் ஒரு கோடு போட்டு வைக்கணும். காலையில் பூமலைப் பூங்காவில் நடக்கட்டும், சமதளத்தில் மட்டும். விளக்குக் கம்பம் எண்ணி நடந்தால் கணக்கு தெரியும். புகைமூட்டம் வந்து ஏபிஐ (காற்று மாசுக் குறியீடு) 100ஐத் தாண்டினால் வெளியே போகவே கூடாது. தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படிக்கு அவசரப்படாதே, பத்துமலை 272க்கே எனக்கு இரண்டு வருஷம் ஆச்சு. பீட்ரூட் ஜூஸ் என் மனைவியின் கண்டுபிடிப்பு, எனக்குத் தெரிந்து நிறம் மட்டும்தான் வந்தது. இன்னொன்று, வீட்டில் சாம்பிராணிப் புகை...

செந்தூல்_டீச்சர்
அண்ணே, டாக்டரைச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில், கையில் தட்டோடு கேட்டவர்களைச் சொன்னேன். தங்கச்சி கேட்டது அப்பா திரும்பினாரா என்றுதானே, அதற்கு விளக்குக் கம்பம் எதற்கு?

பிரிக்பீல்ட்ஸ்_டிரைவர்
சண்டை வேண்டாம் லா. எனக்கு சீட் பெல்ட்தான் வில்லன். சரியாகத் தழும்பு மேலேயே வந்து உட்காரும். குட்டித் துண்டு சுற்றிக்கொண்டு ஓட்டுகிறேன். முதல் நாள் பங்சார் வரைக்கும் போய் யூ-டர்ன் அடித்து வந்துவிட்டேன். பயணி யாரும் ஏறவில்லை, நானும் ஏற்றவில்லை.

ஆயர்ஈத்தாம்_மகள்
எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கிள் எழுதியதில் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டார், மன்னிக்கணும். டீச்சர் வாளி கதைக்கு மட்டும் "இன்னொரு தடவை படி" என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "என் பந்து மெஷின் எங்கே?" என்று கேட்டார்.

தம்பி மகன் விளையாட எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஒரு பந்தைக் காணோம்.